வீடு முழுக்க மருந்து

அத்தியாயம் 14

குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டால் ஊர்க்காரனுக்குச் சொந்த வீட்டில் இடம் கிடையாது. சீசனுக்கு வருகிறவர்கள் பட்டாசல் கூடத்தில் பாய் விரித்துப் படுப்பார்கள். வீட்டுக்காரர்கள் பின்கட்டில் சட்டி பானைகளோடு ஒண்டிக்கொள்வார்கள். ஆனால் இந்த வருஷம் யாருக்கும் வீட்டை விடுவதில்லை என்று தங்கத்தாய் பிடிவாதமாக இருந்ததைப் போன வாரம் பார்த்தோம். மருமகள் ஆனந்தவள்ளிக்கு நர்ஸ் லைசென்ஸ் பரீட்சை. இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று. இது மூன்றாவது.

அந்த லைசென்ஸ் எந்த ஊருக்கு என்பதுதான் தங்கத்தாய்க்குத் தெரியாது. தென்காசி ஆஸ்பத்திரியில் பெரிய நர்ஸ் ஆகிறதுக்கான பரீட்சை என்று மகன் மாரிராஜ் சொல்லி வைத்திருந்தான். உண்மையில் அது மஸ்கட்டுக்கு. அங்கே ஓர் ஆஸ்பத்திரி வள்ளிக்காக ஒரு வேலையை ஒதுக்கி வைத்திருந்தது. இந்த முறையும் தவறினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று போன மாதம் கடிதமும் போட்டுவிட்டது. 'அம்மாகிட்ட நான் பக்குவமாச் சொல்லிக்கிடுதேன்' என்று மாரிராஜ் மனைவியிடம் சொல்லி எட்டு மாதம் ஆகிறது. பக்குவம் இன்னும் வந்தபாடில்லை.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. திருவனந்தபுரத்தில் மதியம் ஒரு மணிக்குப் பரீட்சை.

முந்தின நாள் சாயங்காலமே வள்ளியைக் கீழப்பாவூரில் அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டிருந்தான் மாரிராஜ். பரீட்சைக்கு முந்தின ராத்திரி ஒழுங்காகத் தூங்கினால்தான் படித்தது தலையில் தங்கும் என்று அவள்தான் கேட்டுக்கொண்டாள். சீசன் நேரத்தில் குற்றாலத்தில் எங்கே தூங்குவது? காலை ஆறு மணிக்குத் தன் டாக்ஸியை எடுத்துக்கொண்டு போய்த் திரும்ப அழைத்து வந்தான். நரசிங்கப் பெருமாள் கோயில் துளசி அவள் கொண்டையில் இருந்தது. முகம் தெளிவாக இருந்தது.

"நேரே சென்டருக்குப் போயிருவமா? வீட்டுக்கு எதுக்கு?" என்று கேட்டான்.

"இல்லங்க. வீட்டுக்குள்ள ஒரே ஒரு சுத்து சுத்திட்டு வந்துருதேன். அது போதும் எனக்கு."

சுத்து என்றால் என்ன என்று அவனுக்கு விளங்கவில்லை. ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்துக்கொண்டான். சில மாதங்களாகவே விடியற்காலையில் வள்ளி வீட்டுக்குள் மெதுவாக நடப்பதும், பிரிட்ஜைத் தொடுவதும், கட்டிலைத் தொடுவதும், வாய்க்குள்ளேயே எதையோ சொல்வதுமாக இருப்பதை அவன் போர்வைக்குள்ளிருந்து பார்த்திருக்கிறான். இரண்டு தடவை பெயிலானதில் பிள்ளைக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று பயந்து, யாருக்கும் தெரியாமல் ஓர் அர்ச்சனைகூடச் செய்திருந்தான்.

வீட்டு வாசலில் ஒரு வேன் நின்றது.

வேலியெல்லாம் ஈரத் துண்டு. முற்றத்தில் தொப்பை முழுக்க எண்ணெய் பூசிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். உள்ளே ஒரு கைக்குழந்தை அழுதது. சின்னதும் பெரியதுமாகப் பதினோரு பேர்.

தங்கத்தாய் வேக வேகமாக வெளியே வந்தாள். திருட்டுத்தனமும் பெருமையும் சரிபாதியாக முகத்தில் இருந்தது.

"ஏட்டி வள்ளி, கோவப்படாத. கோவில்பட்டி வல்லிநாயகம் அண்ணாச்சி வீட்டுல வந்துட்டாவ. பதினெட்டு வருசமா நம்ம வீட்டுக்குத்தான் வாராவ. நீங்க அந்தப் பக்கம் போயிருக்கிய, இந்தப் பக்கம் வேனோட வந்து நிக்காவ. கைப்புள்ளயோட நிக்கவளப் போன்னு எப்பிடிச் சொல்ல?"

வள்ளி செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினாள்.

"ஆனா ஒரு விசயம். ஒம் புத்தகத்த ஒருத்தரத் தொட விடலயே நான்!" தங்கத்தாய் அவள் கையைப் பிடித்து உள் அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். "இன்னா பாரு. வச்சது வச்ச மாதிரி இருக்கு. சாரல் அடிச்சிரும்னு தார்ப்பாயப் போட்டு மூடி, பிள்ளைய வந்துரும்னு குறுக்க பெஞ்சப் போட்டு, ராத்திரி நான் அதும்மேலயே படுத்துக்கிட்டேன்."

உண்மைதான். மேஜையில் புத்தகங்கள் கோயில் நகை மாதிரி பத்திரமாக இருந்தன. மேல் அட்டையில் ஒரு குங்குமப் பொட்டு வேறு.

வள்ளி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவள் பட்டாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிரிட்ஜ் அங்கே இல்லை, வாசலோரத் தார்சாவுக்குப் போயிருந்தது. இரும்புக் கட்டில் சன்னலோரத்திலிருந்து எதிர்ச் சுவருக்கு மாறி, அதில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மாமனார் போட்டோவைக் கழற்றி எங்கேயோ வைத்திருந்தார்கள். அந்த ஆணியிலிருந்து ஒரு கொடி கட்டி, வல்லிநாயகம் அண்ணாச்சியின் வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. அடுக்களை வாசலில் நேற்று வரைக்கும் இருந்த ஆட்டுக்கல் இப்போது அதே இடத்தில் இல்லை.

அவள் அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"போச்சு," என்றாள்.

"என்னட்டி போச்சு? அதான் புத்தகம் பூராவும் இருக்கே!"

"புத்தகத்துல ஒண்ணும் இல்ல அத்த. எல்லாம் வீட்டுலதான் இருந்துச்சு."

"எது?"

"நான் படிச்சது."

மாரிராஜும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வள்ளி சொல்ல ஆரம்பித்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட அவனுக்குத் தைரியமாக இருந்திருக்கும்.

முதல் இரண்டு தடவையும் அவள் எல்லோரும் படிக்கிற மாதிரிதான் படித்தாள். மஞ்சள் மார்க்கரை வைத்துக் கோடு போட்டுப் போட்டுப் புத்தகமே மஞ்சள் குளித்த மாதிரி ஆகிவிட்டது. பத்து தடவை வாசித்தாள். வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருந்தது. பரீட்சை ஹாலில் உட்கார்ந்தால் மஞ்சள் மட்டும் ஞாபகம் வந்தது, எழுத்து வரவில்லை.

அப்புறம்தான் சாஜிதா போனில் பிடித்து ஏசினாள். சாஜிதா செங்கோட்டைக்காரி, வள்ளியோடு நர்சிங் படித்தவள், மூன்று வருஷமாக மஸ்கட்டில் வேலை பார்க்கிறவள்; அதை மட்டும் வள்ளி சொல்லவில்லை. 'படிச்சதையே திருப்பித் திருப்பிப் படிக்காதட்டி. புத்தகத்த மூடு. ஒன்னைய நீயே கேளு. வரலைன்னா வரலைன்னு இரு. தேடித் தேடி எடுக்கதுதான் ஒட்டும்' என்றாள். இன்றைக்குக் கேட்டதை நாளைக்கு ஒரு தடவை, மூன்றாம் நாள் ஒரு தடவை, ஒரு வாரம் விட்டு, மூன்று வாரம் விட்டு என்று கேட்டுக்கொள்ளச் சொன்னாள். அப்படியும் ஒட்டாத மருந்துப் பெயர், அளவு, மாற்று மருந்து இதையெல்லாம் நீ குடியிருக்கிற வீட்டில் ஒவ்வொரு சாமானிலும் ஒன்றாக நினைப்பிலேயே வைத்துவிடு, தேவைப்படும்போது மனசுக்குள் வீட்டுக்குள் நடந்துபோய் எடுத்துக்கொள் என்றும் சொல்லிக் கொடுத்தாள்.

"அதான் வச்சேன். வாசல்ல இருந்து பின்வாசல் வரைக்கும். நானூத்திப் பன்னெண்டு வச்சிருந்தேன்."

"நானூறா!" தங்கத்தாய் வாயில் கை வைத்தாள். "இந்த வீட்டுலயா?"

தன் வீட்டையே அவள் புதிதாகப் பார்ப்பவள்போல ஒரு சுற்றுப் பார்த்தாள். மாரிராஜும் பார்த்தான். பிறந்து வளர்ந்த வீடு. காரை பெயர்ந்த சுவரும், ஓதம் ஏறிய தரையும், தூசி படிந்த பரணும்தான் அவனுக்குத் தெரிந்தது. இதற்குள் நானூற்றுப் பன்னிரண்டு மருந்துகள் வரிசையாக இருந்திருக்கின்றன. அவற்றுக்கு நடுவில்தான் அவன் தினமும் சட்டையைத் தேடியிருக்கிறான்.

"இப்பவே எடுத்துப் பழையபடி போட்டிருதேன் தாயி," என்று தங்கத்தாய் முந்தானையைச் செருகினாள்.

"மணி ஏழேகால் அத்த. எட்டுக்குக் கெளம்பணும். கட்டில்ல பிள்ள தூங்குது. அது மட்டும் இல்ல, இதப் பாத்துட்டேம்லா? கண்ண மூடினா இந்த வீடுதான் வருது. மாமா போட்டோவத் தேடிப் போனா அண்ணாச்சி வேட்டிதான் தொங்குது."

முற்றத்தில் அண்ணாச்சி தொடையில் எண்ணெய் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

தங்கத்தாய் செருகிய முந்தானையை இறக்கிவிட்டாள். பிறகு செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள்.

"ஏ மதினி!" என்று உள்ளே அண்ணாச்சி மனைவியைப் பார்த்துக் கூப்பிட்டாள். "அடுக்கள ஒங்க பொறுப்பு. பால் பொங்கிராமப் பாத்துக்கிடுங்க. நான் பிள்ளைய கூடப் போயிட்டு வாரேன்."

"நீ எங்கம்மா வார?" என்றான் மாரிராஜ்.

"பழைய வீடு எங்கிட்ட இருக்குலே. வண்டிய எடு."

*

செங்கோட்டை தாண்டும் வரைக்கும் ஒன்றும் சரியாக வரவில்லை. அதற்கு மாரிராஜ்தான் காரணம். தானும் உதவுகிறேன் என்று அவன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"உள்ள நொழஞ்சதும் எடப்பக்கம் பிரிட்ஜு. அதும் மேல டிவி ரிமோட்டு..."

"இல்ல," என்றார்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

ஐந்தருவிக்கும் பழைய அருவிக்கும் போகிற வழியில் எந்த வளைவில் எத்தனை பள்ளம் என்று அவன் தூக்கத்தில் சொல்லுவான். சொந்த வீட்டில் பிரிட்ஜ் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டு ரோட்டைப் பார்த்தான்.

பின் சீட்டில் தங்கத்தாய் கண்ணை மூடிக்கொண்டாள். வலது கை மடியில் கிடந்து மெதுவாக அசைந்தது. விளக்குமாற்றால் தூத்துகிற அசைவு. முப்பத்தொரு வருஷம் அந்த வீட்டைத் தினம் இரண்டு வேளை தூத்த கை அது.

"வாசக்கதவு. தெறந்ததும் வலப்பக்கம் சுவிச்சு. மூணு இருக்கு. நடுவுல உள்ளது வேல செய்யாது."

வள்ளியும் கண்ணை மூடினாள். ஒரு மூச்சு விட்டாள்.

"மூச்சுக்குழா, மூச்சு, ரத்த ஓட்டம். நோயாளிகிட்டப் போனதும் இந்த வரிசையிலதான் பாக்கணும். நடுவுல உள்ளது நின்னுருந்தா நாம ஊதணும்."

"சரியாட்டி?"

"சரி அத்த."

"சுவிச்சுக்கு அடுத்தாப்புல ஒங்க மாமா போட்டோ. சந்தன மால. வலது ஓரம் கண்ணாடி கீறியிருக்கும்."

வள்ளி கண்ணைத் திறந்து மாமியாரைப் பார்த்தாள். வண்டிக் கண்ணாடியில் மாரிராஜ் அவள் முகத்தைப் பார்த்தான்.

"சொல்லுட்டி."

"டிஜாக்சின். நெஞ்சுக்குக் குடுக்கது. குடுக்கதுக்கு முன்னால நாடி எண்ணணும். அறுபதுக்குக் கீழ இருந்தா நிறுத்திரணும். மாமா அறுபதுக்கு முந்தியே போயிட்டாகள்லா, அதனால அங்கன வச்சேன். தப்பா நெனைக்காதீங்க அத்த."

"நாலு மாசம் இருந்துச்சு அறுபதுக்கு," என்றாள் தங்கத்தாய். பிறகு, "நல்ல எடத்துலதான் வச்சிருக்க. ஒங்க மாமா, ஏட்டு தங்கசாமி, எதையும் தொலைக்க மாட்டாரு," என்றாள்.

அதன் பிறகு வண்டி ஓடிய மாதிரியே அதுவும் ஓடியது. அம்மா சாமானைச் சொல்லச் சொல்ல மனைவி மருந்தைச் சொன்னாள். சன்னலோரத்து இரும்புக் கட்டில். இரும்பு மாத்திரையைக் குழந்தை அதிகம் தின்றுவிட்டால் கொடுக்கிற மாற்று மருந்து அதன் அடியில் இருந்தது. மூன்றரை அடி உயரப் பழைய பிரிட்ஜ், மேலே தட்டில் எப்போதும் ஐந்து வாழைப்பழம். ரத்தத்தில் பொட்டாசியம் மூன்றரையிலிருந்து ஐந்து வரைக்கும் இருக்க வேண்டும். குழாயடியில் சிவப்பு வாளி.

"ரத்தம் ஏத்தும்போது நடுக்கமோ தடிப்போ வந்தா மொதல்ல என்ன செய்யணும்? குழாய மூடணும். டாக்டரக் கூப்பிடுகது, காய்ச்சல் பாக்கது எல்லாம் அதுக்குப் பொறவுதான்."

"அது எனக்கே தெரியுமே. வாளி நெறஞ்சா மொதல்ல குழாயத்தான மூடுவோம்?" என்றாள் தங்கத்தாய்.

வள்ளி சிரித்தாள். காலையிலிருந்து முதல் சிரிப்பு.

மாரிராஜ் வாயடைத்துப்போய் ஓட்டினான். எத்தனையோ பெரிய மனிதர்களை அவன் வண்டியில் ஏற்றியிருக்கிறான். டாக்டர்கள், வக்கீல்கள், மைக் பிடித்தால் விடாத பேச்சாளர்கள். பின்னால் உட்கார்ந்திருக்கிற இந்த இரண்டு பேருக்கும் முன்னால் அவர்கள் எல்லாம் எந்த மூலைக்கு? ஒருத்தி இருந்த இடத்திலிருந்து ஒரு வீட்டையே செங்கல் செங்கலாக எடுத்துக் கொடுக்கிறாள். இன்னொருத்தி வாங்கி வாங்கி ஓர் ஆஸ்பத்திரியே கட்டுகிறாள். இவர்களோடு ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறோமே, ஒன்றும் தெரியாமல் இருந்திருக்கிறோமே என்று அவன் தன்னையே ஏசிக்கொண்டான்.

தங்கத்தாய்க்கும் அதே பிரமிப்புத்தான் போலிருக்கிறது. கண்ணைத் திறந்து மருமகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"ஏட்டி, இம்புட்டு மருந்தும் நம்ம தென்காசி ஆஸ்பத்திரியில இருக்கா?"

கண்ணாடியில் வள்ளியின் கண்ணும் மாரிராஜின் கண்ணும் ஒரு நிமிஷம் சந்தித்தன. அவன் பார்வையை ரோட்டுக்குத் திருப்பிக்கொண்டான். அந்த நேரத்தில் அவனுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

"தென்காசிக்கு இல்ல அத்த," என்றாள் வள்ளி. "மஸ்கட்டுக்கு. பாஸாயிட்டா ரெண்டு மாசத்துல அங்கன போயிச் சேரணும். ஒங்ககிட்ட சொல்லியிருக்கணும். சொல்லாம ஒங்க வீட்ட வாங்கிக்கிட்டு இருக்கது எனக்கு முடியல."

புளியறை வந்துவிட்டது. செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசையாக நின்றன. மாரிராஜ் எஞ்சினை அணைத்தான். ஓட்டல் வாசலில் யாரோ டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்கள். மலையிலிருந்து சாரல் இறங்கிக் கண்ணாடியை நனைத்தது. அம்மா இறங்கு என்று சொன்னால் இறங்கிவிட வேண்டியதுதான், வண்டியைத் திருப்பு என்றால் திருப்பிவிட வேண்டியதுதான் என்று அவன் உட்கார்ந்திருந்தான். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

முன்னால் நின்ற லாரி நகர்ந்தது. இவனும் நகர்த்தினான். செக்போஸ்ட்டைத் தாண்டி மலை ஏற ஆரம்பித்தது. முதல் வளைவு. இரண்டாவது வளைவு.

"அடுத்து அடுக்கள," என்றாள் தங்கத்தாய்.

குரல் கொஞ்சம் கரகரத்தது. அவ்வளவுதான்.

"அத்த..."

"அடுக்கள வாசல்ல ஆட்டுக்கல். போகும்போதும் வரும்போதும் இவன் முட்டிய இடிச்சுக்கிட்டு ஏசுவாம்லா, அந்தக் கல்லு. நேத்து அதத்தான் நாலு பேரு சேந்து நகட்டினாவ. நீ நகட்டாத. வாசல்லயே வையி."

மாரிராஜுக்கு ரோடு கலங்கித் தெரிந்தது. கண்ணாடி துடைக்கிற வைப்பரைப் போட்டான். அது சாரலுக்குத்தான் உதவியது.

அம்மா எடுத்துக் கொடுக்கிற ஒவ்வொரு சாமானும் இந்தப் பிள்ளையை அவளிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கடல் தாண்டிக் கொண்டுபோகும். அது தெரிந்துதான் கொடுக்கிறாள். ஒன்றைக்கூட ஒளிக்கவில்லை.

"மெக்னீசியம்," என்றாள் வள்ளி. அவள் குரலும் சரியாக இல்லை. "பிள்ளத்தாச்சிக்கு வலிப்பு வந்தா குடுக்கது. கூடிப்போச்சான்னு பாக்க முட்டியத் தட்டிப் பாக்கணும். கால் தூக்கலைன்னா மருந்த நிறுத்திட்டு... நிறுத்திட்டு மாத்து மருந்து குடுக்கணும்."

"என்ன மருந்து?"

வள்ளி புருவத்தைச் சுருக்கித் தேடினாள். கையைப் பிசைந்தாள். "கல்லுக்குப் பக்கத்துலதான் வச்சேன். அங்கன எதுவோ இருந்துச்சு அத்த. சின்னதா. என்னன்னு வரமாட்டேங்கு. நேத்து வரைக்கும் தெரியும். இது கண்டிப்பா வருமே, ரெண்டு தடவையும் கேட்டானே!"

"பதறாத. சின்னதுதான். வட்டமா இருக்கும். மூடி துரு ஏறியிருக்கும். சாப்பிட்டு முடிச்சதும் நான் போயி அதுல ஒரு விரலு எடுத்து வெத்தலயில தடவுவேன்..."

"சுண்ணாம்பு!" வள்ளி கத்தியே விட்டாள். "சுண்ணாம்பு டப்பா! கால்சியம்! கால்சியம் குளுகோனேட்!"

மாரிராஜ் பிரேக்கில் காலை வைத்துவிட்டான். பின்னால் வந்த லாரிக்காரன் மலையாளத்தில் அவன் பரம்பரையையே விசாரித்துவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு வள்ளி எங்கேயும் தடுமாறவில்லை. தண்ணிப் பானையும் மோர்ப் பானையும் வந்தன. ஒரே ஊசியில் இரண்டு வகை இன்சுலினை எடுக்கும்போது தெளிந்தது முதலில், கலங்கியது பிறகு. அஞ்சறைப் பெட்டி வந்தது, அரிசிப் பானை வந்தது, பரணில் இருந்த பித்தளை அண்டா வந்தது. தென்மலை வருவதற்குள் பின்வாசல் வந்துவிட்டது.

"பின்வாசல்ல என் பிளாஸ்டிக் நாற்காலி," என்றாள் தங்கத்தாய். "அதுல எதையும் வச்சிருக்க மாட்ட. நான்தான் எப்பவும் உக்காந்துருப்பேனே."

"ஒங்களையும் சேத்துத்தான் வச்சிருக்கேன் அத்த."

"என்னையவா?"

"அட்ரினலின். நின்னுபோன நெஞ்சத் திருப்பி ஓட வைக்கிற மருந்து. மூணுல இருந்து அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்காக் குடுக்கணும். நீங்க அங்கன உக்காந்துக்கிட்டு மூணு நிமிசத்துக்கு ஒருக்கா, அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா 'ஏட்டி வள்ளி'ன்னு கூப்புடுவீங்கள்லா? மறக்கவே கூடாத மருந்து அது. வேற எங்கயும் வைக்க மனசு வரல."

தங்கத்தாய் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தேக்கு மரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. வெகு நேரம் கழித்து மருமகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். குளத்துப்புழை தாண்டி, நெடுமங்காடு தாண்டி, திருவனந்தபுரத்துக்குள் நுழையும் வரைக்கும் அந்தக் கை அங்கேயே இருந்தது.

*

பரீட்சை சென்டரில் கைப்பை, போன், கொண்டையில் இருந்த துளசி எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு வள்ளியை உள்ளே விட்டார்கள். வெறுங்கையோடு அவள் போனதைப் பார்த்தபோது மாரிராஜுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வீட்டையே உள்ளே கொண்டுபோகிறாள், காவல்காரன் துளசியைப் பிடித்து வைத்திருக்கிறான்.

வராந்தாவில் ஒரு பெஞ்சு கிடந்தது. தங்கத்தாய் அதில் உட்கார்ந்தாள். அவன் இரண்டு டீ வாங்கி வந்தான். ஒன்றை அவளிடம் நீட்டி, எட்டு மாதமாகச் சேர்த்து வைத்த பக்குவத்தை எல்லாம் திரட்டிக்கொண்டு, "எம்மா, நான் வந்து..." என்று ஆரம்பித்தான்.

"செத்த பேசாம இருலே."

"இல்லம்மா, மஸ்கட்டு..."

"பேசாதங்கேன். அவ இப்ப கட்டில்கிட்ட வந்துருப்பா."

அவன் திகைத்துப்போய்ப் பார்த்தான். அம்மாவின் கண் மூடியிருந்தது. மடியில் வலது கை மறுபடியும் மெதுவாக அசைந்துகொண்டிருந்தது. வாசலிலிருந்து ஆரம்பித்து, சுவிட்சு, போட்டோ, கட்டில், பிரிட்ஜ் என்று அவளும் நடந்துகொண்டிருந்தாள். உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் ஒருத்தி நடக்கிறாள், வெளியே பெஞ்சில் ஒருத்தி நடக்கிறாள், ஒரே வீட்டில். எது எந்த மருந்து என்று தங்கத்தாய்க்குத் தெரியாது. சாமானை மட்டும் அதனதன் இடத்தில் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தாள்.

இரண்டரை மணி நேரம். டீ ஆறி ஆடை கட்டியது. யாரோ வந்து இடம் கேட்டார்கள், அவளுக்குக் காதில் விழவில்லை. மாரிராஜ் சுவரோரமாக நின்றான். உட்காரத் தோன்றவில்லை. அருவி முதல் தடவை வெள்ளமாக இறங்கும்போது சின்ன வயசில் எட்டி நின்று வாயைப் பிளந்து பார்ப்பானே, அப்படி நின்று பார்த்தான்.

நாலு மணி வாக்கில் கதவு திறந்தது. வள்ளி வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. புருஷனைத் தாண்டி நேரே பெஞ்சுக்குப் போய் மாமியார் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"ரிசல்ட்டு மூணு நாள்ல மெயில்ல வரும் அத்த. ஆனா ஒண்ணுகூட எடம் மாறல. எதைத் தேடிப் போனாலும் அங்கனயே இருந்துச்சு. முட்டிக் கேள்வியும் வந்துச்சு. சுண்ணாம்பத் தொட்டேன்."

தங்கத்தாய் அவள் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்துத் தன் நெற்றியில் நெட்டி முறித்தாள். கண்ணீர் அதன் பாட்டுக்கு ஓடியது, துடைத்துக்கொள்ளவில்லை.

"நல்லாப் போயிட்டு வா தாயி. நான் தடுக்க மாட்டேன். ஆனா இத்தன படிச்சவ, தெரியாத ஊருல தனியாக் கெடந்து கஷ்டப்படணுமேன்னுதான் இருக்கு."

"தனியாவா? எதுக்கு அத்த?" வள்ளி நிமிர்ந்தாள். "இவுகளும் வாராகள்லா? ஆறு மாசத்துல நானும் பொறத்தாலயே வந்துருதேன்னு எந் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணியிருக்காகளே."

தங்கத்தாயின் கை நின்றது.

"எப்பம்?"

"தைப்பூசத்துக்கு மறுநாள். காலையில ஏழு மணிக்கு. பல் வெளக்கிட்டு இருந்தாக."

"எங்கிட்டயும் பண்ணியிருக்கானே," என்றாள் தங்கத்தாய் மெதுவாக. "ஒங்க மாமாவ எடுத்த அன்னைக்கி. நெறஞ்ச வீட்டுல எங்கையப் புடிச்சு, ஒன்னைய விட்டுட்டு எங்கயும் போகமாட்டேம்மான்னு. நீலச் சட்ட போட்டுருந்தான். மேல் பித்தான் அந்துருந்துச்சு."

இரண்டு பேரும் அவன் பக்கம் திரும்பினார்கள். கோபம் இல்லை. காத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

மாரிராஜ் கார்ச் சாவியைப் பையில் தேடினான். அது கையிலேயே இருந்தது. நாள், நேரம், சட்டைப் பித்தான் வரைக்கும் ஞாபகம் வைத்திருக்கிற இரண்டு பெண்களை அழைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் மலை ஏறி இறங்க வேண்டும். இதில் ஒருத்தியாவது, ஒரு சொல்லையாவது மறப்பாள் என்று இனி அவனால் நம்ப முடியவில்லை.